குவளையின் அடியைத் திருப்பிப் பார்த்தவர்

பேச்சிமுத்து வேளார் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு போஸ்டராகத்தான் வந்தது. காலையில் மீன் வாங்கிக்கொண்டு தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்பி, பையைச் சமையலறையில் வைத்துவிட்டு போனை எடுத்தால், நான் வழிகாட்டியாக வேலை பார்த்த சுற்றுலா நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் முகம். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி அசைந்து அசைந்து எரிந்தது. 'மண்ணோடு பேசிய மகா கலைஞர், எங்கள் குடும்பத்தின் மூத்தவர்' என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். கூப்பியவர்களில் பாதிப் பேர் அவர் வீட்டு வாசலை மிதித்தவர்கள் இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் வேளார் ஒரு சின்ன மண் குவளையைக் கையில் ஏந்தி, தலையைச் சாய்த்து அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கலைஞர் தான் செய்ததை ரசிக்கிறார் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அந்தப் படத்தை எடுத்தவன் நான். அந்தக் குவளை அவர் வீட்டில் செய்ததே அல்ல. அல்ல என்பதை அவர் கண்டுபிடிக்கப் போன நேரத்தில்தான் நான் போனை நீட்டினேன்.

வேளாரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுவனம் ஒரு நினைவு மலர் போடுகிறதாம். என்னிடமும் ஒரு பக்கம் கேட்டார்கள். 'கொஞ்சம் எமோஷனலா இருக்கட்டும் சார்' என்று போனில் பேசிய பெண் சொன்னாள். இது அந்த மலரில் வராது.

நான் கப்பலில் பண்டகசாலை பார்த்தவன். பதினெட்டு வருடம் கடலில் கழித்துவிட்டுக் கரையேறியபோது எனக்கு மிச்சமிருந்தது சர்க்கரை வியாதியும் ஆங்கிலமும்தான். அந்த ஆங்கிலத்துக்குத்தான் நிறுவனத்தில் வேலை கொடுத்தார்கள். 'கைத்தொழில் பயணம்' என்று அதற்குப் பெயர். வெளிநாட்டுக்காரர்களும் சென்னை, பெங்களூர்க்காரர்களும் வருவார்கள். ஆறு நாள் பயணம். முதல் நாள் எட்டயபுரத்தில் தறி. அடுத்த இரண்டு நாள் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் கால்வாய் ஓரத்து ஊரில் வேளார் வீட்டில் மண்வேலை. நான்காம் நாள் ஆலந்தலையில் வலை முடிச்சு. ஐந்தாம் நாள் துறைமுகத்தில் முத்துக் கதை. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டதால் கதையைத்தான் கொடுக்க முடியும். என் தாத்தா மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்கடியில் போய்ச் சிப்பி எடுத்தார் என்று நான் சொல்ல வேண்டும். என் தாத்தா தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன். வந்தவர்கள் கண்கலங்கினார்கள். ஆறாம் நாள், தங்கள் கையால் செய்ததைத் தங்களோடு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

கைவினைஞர்கள் முதல் ஐந்து நாளும் கூடவே வேனில் வர வேண்டும் என்பது நிறுவனத்தின் ஏற்பாடு. அதனால் மண்வேலைக்காரரான வேளார் தறி பார்க்கவும் வந்தார், வலை பார்க்கவும் வந்தார். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவருக்கு. என்னைக் 'கப்பக்காரரே' என்று கூப்பிடுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். எட்டயபுரத்தில் விருந்தாளிகள் ஆளுக்கொரு சாண் துணி நெய்யப் படாதபாடு படுவார்கள். நெசவுக்கார அக்கா பொறுமையாகப் பின்னால் நின்று இழை அறுந்த இடங்களை முடிந்துகொண்டே வருவார். வேளார் அதையெல்லாம் வேடிக்கை பார்க்க மாட்டார். தறிக்குக் கீழே குனிந்து, பாவில் அறுத்துப் போட்ட மிச்ச நூலைப் பொறுக்குவார். சக்கரத்திலிருந்து பானையை அறுத்தெடுக்க அவருக்கு நூல் வேண்டும். கடை நூல் ஆகாது என்பார். நான் ஆலந்தலையிலிருந்து வலைக்கான நைலான் நூல் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் வேனில் அதை என் மடியிலேயே திருப்பிப் போட்டார்.

"இது மண்ண அறுக்கல கப்பக்காரரே, ஏமாத்துது. தடமே விழ மாட்டேங்கு" என்றார்.

தடம் என்று அவர் சொன்னது என்ன என்பது எனக்கு அப்போது தெரியாது. என் வீட்டில் வைத்துத்தான் தெரிந்தது. ஒருநாள் வேன் வரத் தாமதமானதால் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஜப்பானில் வாங்கிய பீங்கான் கப்பில் என் மனைவி காப்பி கொடுத்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கப் அது. வேளார் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். விரலால் தடவினார். என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்றாள்.

"அதுக்கில்ல தங்கச்சி. செஞ்சவன் கை எங்கன விட்டுச்சுன்னு பாக்கேன். மேல எல்லாரும் வழவழன்னு ஆக்கிருவான். அடியிலதான் ஆளு யாருன்னு கெடக்கும்" என்றார்.

பிறகு வாசலில் நின்றுகொண்டே விளக்கினார். சுழலும் சக்கரத்திலிருந்து குவளையை நூலால் அறுக்கும்போது அதன் அடியில் சிப்பியின் முதுகில் இருப்பதுபோல வரிவரியாகக் கோடு விழும். எந்தப் பக்கத்திலிருந்து கை நூலை இழுத்தது, அவசரமாக இழுத்ததா, நிதானமாகவா என்பதெல்லாம் அதில் இருக்கும். பெரிய பானைகளை அடியில் தட்டி உருட்டிவிடுவதால் தடம் மறைந்துவிடும். தட்டையான அடி உள்ள குவளையிலும் சட்டியிலும் அது அப்படியே நின்றுவிடும். அவருக்கு வந்தவர்களின் பெயர் ஞாபகம் இருக்காது, முகம் ஞாபகம் இருக்காது. கை ஞாபகம் இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேளாரின் தொழில் அழிந்துகொண்டிருக்கிறது என்று நினைவு மலரில் எழுதுவார்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு பத்திரிகைக்காரர் வந்து, அழிந்துவரும் கலையின் கடைசி வாரிசாக இருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டார். வேளார் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து, பிரியாணிக் கடைக்காரர்கள் சட்டி கேட்டு அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பொங்கலுக்கு ஒரு மாதம் முன்னால் வந்து பாரும், உட்கார இடம் இருந்தால் பேசலாம் என்றார். மின்சாரச் சக்கரம், இரண்டு சூளை, வேலைக்கு மருமகன் என்று அவர் நன்றாகத்தான் இருந்தார். பத்திரிகையில் 'கடைசி வாரிசு' என்றே வந்தது.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். விருந்தாளிகள் இரண்டாம் நாள் குவளை செய்வார்கள். அது நிழலில் காய ஒரு வாரமாவது வேண்டும், பிறகு சூளை. கத்துக்குட்டிகளின் குவளை அடி கனமாக இருப்பதால் அவசரப்பட்டுச் சுட்டால் வெடித்துவிடும். நிறுவனமோ ஆறாம் நாள் கையில் கொடுப்பதாக விளம்பரம் செய்துவிட்டது. வேளார் முடியாது என்று கையை விரித்தார். காய்ந்த பிறகு சுட்டுத் தருகிறேன், தபாலில் அனுப்பிக்கொள்ளுங்கள் என்றார். மேனேஜர் சரி சரி என்று தலையாட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வழி கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். வருகிறவர்களின் பெயர்கள் எங்களுக்கு முன்பே தெரியும். நெடுஞ்சாலையில் இருக்கும் இன்னொரு பட்டறையில் அதே அளவுக் குவளைகளைச் செய்யச் சொல்லி, ஈரம் காயும் முன் ஆணியால் அவர்களின் முதல் எழுத்துகளை நானே கீறிவிடுவேன். அவர்கள் விமானத்தில் ஏறுவதற்கு முன்பே, அவர்கள் கையால் செய்த குவளை இங்கே சுட்டு ஆறி அடுக்கில் இருக்கும். அளவு கொஞ்சம் மாறியிருக்கிறதே என்று யாராவது கேட்டால், சுட்டால் மண் சுருங்கும் என்பேன். அது உண்மைதான். அந்தப் பொய்யில் இருந்த ஒரே உண்மை அதுதான்.

வேளாருக்கு இது தெரியாது. அவர் ஒவ்வொரு குழு போன பிறகும் அவர்களின் குவளைகளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் காயவைத்து, சூளையில் சூடு குறைவான மூலையில் அடுக்கிச் சுட்டு, வைக்கோல் சுற்றி என்னிடம் தருவார். வெடித்தது எது, தப்பியது எது என்று சொல்லியனுப்புவார். வெடித்ததையும் அந்தந்த ஆளிடம் மறைக்காமல் சொல்லும் என்பார். நான் வாங்கிக்கொண்டு வந்து, என் வீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் கொட்டினேன். மண்ணும் கல்லும் அடிப்பதைவிட அது வசதியாக இருந்தது. நாலைந்து வருடத்தில் பள்ளம் பாதி தூர்ந்துவிட்டது.

மார்த்தா என்ற பெல்ஜியத்துக்காரி ஒரு குழுவோடு வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, அறுபது வயது இருக்கும். இடதுகைக்காரர். சக்கரத்தில் அவர் உட்கார்ந்ததும் எல்லாம் தாறுமாறாகப் போனது. வேளார் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தானும் இடதுகையால் செய்துகாட்டினார். அவருடைய குவளை பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ஆங்கிலத்தில் ஏதோ எடுத்துச்சொல்லப் போனேன்.

"நீரு சும்மா இரும். மண்ணுக்கு இங்கிலீசு தெரியாது. அவ இஷ்டத்துக்கு இழுக்கட்டும்" என்று என்னை அதட்டினார்.

கடைசியில் மார்த்தா ஒரு கோணல் குவளை செய்து இடதுகையால் நூலை இழுத்து அறுத்தார். வேளார் அவருக்கு 'நொட்டாங்கை அம்மா' என்று பெயர் வைத்துவிட்டார். ஆறாம் நாள் நான் பட்டறைக் குவளையை எட்டயபுரத்துத் துணியில் சுற்றி மார்த்தா கையில் கொடுத்தேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பத்து நாள் கழித்து அவருடைய உண்மையான குவளை வேளார் கையிலிருந்து என் கைக்கு வந்தது. விரிசல்கூட இல்லை பாரும் என்று காட்டிக் கொடுத்தார். அது பள்ளத்துக்குப் போனது.

இரண்டு வருடம் கழித்து மார்த்தா தனியாகத் திரும்பி வந்தார். குழுவெல்லாம் வேண்டாம், வேளாரைப் பார்க்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்றார். தினமும் காலையில் அந்தக் குவளையில்தான் குடிக்கிறாராம். பெட்டியில் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அப்போதும் பயம் வரவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெறுப்பாக இருக்கிறது. கார் பிடித்துக் கூட்டிப்போனேன். வேளார் குவளையை வாங்கியதும், படம் நன்றாக வரும் என்று போனை நீட்டினேன். போஸ்டரில் வந்த படம் அதுதான்.

வேளார் குவளையைக் கவிழ்த்தார். பெருவிரலால் அடியைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தார்.

"கப்பக்காரரே, இது இந்த அம்மா அறுத்தது இல்ல. நூலு வலப்பக்கமாப் போயிருக்கு. மண்ணும் நம்ம குளத்து மண்ணு இல்ல. அவங்ககிட்டச் சொல்லும்."

நான் மார்த்தாவின் பக்கம் திரும்பி, மிக அழகாக இருக்கிறது என்கிறார், உங்களை மறக்கவே இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தாத்தாவை முத்துக் குளிக்க வைத்த வாய் அல்லவா. மார்த்தா நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார். வேளார் அந்தச் சிரிப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னதுக்கு அவ சிரிக்கக்கூடாதே" என்றார்.

அதற்குமேல் அவர் என்னிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை. மார்த்தாவைக் கையைக் காட்டிச் சக்கரத்தில் உட்காரவைத்தார். மண்ணை வைத்தார். மார்த்தா செய்தார். இடதுகையால் அறுத்தார். அதை வெயிலில் வைத்துவிட்டு, அது இறுகும்வரை மூன்று பேரும் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தோம். நான் உண்மையைச் சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. கொசு அடித்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குப் பிறகு வேளார் புதுக் குவளையை மெல்லக் கவிழ்த்து ஓர் உள்ளங்கையில் வைத்தார். மார்த்தா கொண்டுவந்ததை இன்னொரு உள்ளங்கையில் கவிழ்த்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். ஒன்றில் கோடுகள் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தன. மற்றதில் அந்தப் பக்கம்.

மார்த்தாவுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், என்னுடையது எங்கே என்று கேட்டார். சூளையில் உடைந்துவிட்டது என்றேன். என்ன சொன்னீர் என்று வேளார் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னேன்.

"உடையலவே. சுட்டெடுத்து உம்ம கையிலதான தந்தேன்" என்றார்.

அவர் குரலை உயர்த்தவில்லை. மார்த்தா தன் முகவரியை ஒரு தாளில் எழுதி வேளார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பட்டறைக் குவளையை எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து வேளார் புதுக் குவளையைச் சுட்டு, வைக்கோல் சுற்றி, அந்தத் தாளோடு என்னிடம் கொடுத்தார். அவர் ஊரிலிருந்து வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்ப என்னைவிட்டால் அவருக்கு வேறு ஆள் தெரியாது. இதையாவது அனுப்பும் என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் மார்த்தா நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டார். மேனேஜர் ஒரு கடிதம் தயார் செய்தார். குவளைகளை மாற்றியது குயவர்தான், நிறுவனத்துக்கு இதில் எதுவும் தெரியாது, அவரை உடனே நீக்கிவிட்டோம் என்று அதில் இருந்தது. மேற்பார்வை பார்த்த வழிகாட்டி என்று போட்டு என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். வரி வரியாகப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பிழைகூட இருந்தது, அதைத் திருத்தினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். அடுத்த குழுவிலிருந்து மண்வேலை சொல்லிக்கொடுக்க வந்தவர் யார் தெரியுமா? பொய்க் குவளை செய்துகொடுத்த அதே பட்டறைக்காரர். இன்று வேளாரை எங்கள் குடும்பத்தின் மூத்தவர் என்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் லட்சணம் இது.

வேளாருக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. பிரியாணிச் சட்டி போய்க்கொண்டுதான் இருந்தது. போனது பெயர். குவளையை மாற்றியது வேளார்தான், வழிகாட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று பட்டறைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவில் சொந்தக்காரர் ஒருவர் பலபேர் நடுவில் 'பெல்ஜியம் வேளார் வாராரு, அவங்கவங்க செம்பைப் பாத்துக்கிடுங்க' என்று கேலி செய்தாராம். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் அவர் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி அதே ஜப்பான் கப்பில் காப்பி கொடுத்தாள். குடித்தார். கப்பைத் திருப்பிப் பார்க்காமல் கீழே வைத்தார்.

"என் பேருல என்னவே எழுதிக் குடுத்தீரு?" என்று கேட்டார்.

ஆபீஸில் நீட்டினார்கள், ஆங்கிலத்தில் இருந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றேன். பதினெட்டு வருடம் கப்பலில் ஆங்கிலத்தில் குப்பைகொட்டியவன் இதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"சரி. அந்தக் குவளையாவது போச்சா? அது அவ கைக்குப் போனாப் போதும். அவளுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

போய்விட்டது அண்ணாச்சி என்றேன். குவளை அவர் தலைக்குப் பின்னால் இருந்த அறையில், அலமாரிக்கு மேலே இருந்தது. ஏன் அனுப்பவில்லை என்று என்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மார்த்தாவோடு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முதலில் பயம். பிறகு சோம்பல். பிறகு இவ்வளவு நாள் கழித்து என்னவென்று எழுதுவது என்ற வெட்கம். பெரிய காரணம் ஏதாவது இருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் போனில் கேட்டார், வந்து சேர்ந்ததாமா என்று. வந்தது, கடிதம் போட்டிருக்கிறாள் என்றேன். அடியைத் திருப்பிப் பார்த்தாளாமா என்றார். பார்த்தாளாம், தன் கைத்தடம்தான் என்று தெரிந்துகொண்டாளாம், உங்கள்மேல் தப்பில்லை என்று தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாள் என்று, இல்லாத கடிதத்தை இருந்த இடத்திலிருந்து வாசித்தேன். இன்னொருதரம் சொல்லும் என்றார். இன்னொருதரம் சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், அவரைக் கேலி செய்தவர்களுக்கெல்லாம் அவர் அந்தக் கடிதத்தைத்தான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை அதை நேரில் பார்க்க வேண்டும் என்றார். தேடி எடுக்கிறேன் என்றேன்.

எங்கள் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பங்குச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சம்பந்தப்பட்டவரிடம் சொல்லிவிடு என்றார், மூன்று செபம் சொல்லச் சொன்னார். செபத்தை மட்டும் சொன்னேன்.

போஸ்டரைப் பார்த்த அன்றே கிளம்பிப் போனேன். பந்தலுக்குள் நிறுவனத்தின் மலர்வளையம் எல்லோருக்கும் முன்னால், பெயர் தெரியும்படி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்து, குனிந்து, நிமிர்ந்து, படம் எடுக்கச் சொல்லி, போனார். சுடுகாட்டுக்குக் கொண்டுபோகக் குடம் வேண்டியிருந்தது. மருமகன் அவர்கள் வீட்டுக் குவியலிலிருந்தே ஒன்றை எடுத்துவந்தார். வேளாரின் மனைவி இசக்கியம்மாள் மதினி அழுகையை நிறுத்திவிட்டு, அதை வாங்கிக் கவிழ்த்து, அடியில் தட்டுப்பலகை விழுந்த தடத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோய் வேறொன்று எடுத்துவந்தார். அது வேளாரே செய்தது என்று பிறகு சொன்னார்கள். புறப்படும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நொட்டாங்கை அம்மாவுக்கும் ஒரு வார்த்தை எழுதிரும். நல்ல மனுசி. அவ கடுதாசி போட்ட பெறகுதான் இவுக தலை நிமிந்து நடந்தாக" என்றார்.

தலையாட்டினேன். அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூளைக்குப் பக்கத்தில் கார்த்திகை விளக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காரியம் அன்றைக்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, விளக்குக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. பட்டறைக் குவளை, பள்ளம், கையெழுத்து, அலமாரி, இல்லாத கடிதம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. கடிதத்துக்கு வந்தபோது மட்டும் நின்றது.

"கடைசியா ஆசுபத்திரியில கெடந்தப்ப டாக்டரம்மாகிட்டகூட இவுக அதச் சொன்னாக" என்றார்.

அந்த வரிசை விளக்குகளை அடுக்கி முடித்துவிட்டுச் சொன்னார்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேக்காதீரும், எங்கிட்ட இல்ல. முதல்ல அதை அனுப்பும். அவ எழுதுனா, நெசமா எழுதுனா, இங்கன கொண்டாந்து வாசிச்சுக் காட்டும். அதுக்கு முன்ன இந்த வாசலுக்கு வராதீரும்."

மறுநாளே வேலையை விட்டேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை, வேளார் இருக்கும்போது விட்டிருந்தால் வீரம். குவளையை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்தேன். மார்த்தாவுக்கு நடந்ததை எழுதினேன். நான் மாற்றிச் சொன்ன வாக்கியத்தையும், வேளார் உண்மையில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வேளார் இறந்துபோனதையும் எழுதினேன். கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலை வைத்தேன். தபால் ஆபீஸில் அனுப்புநர் என்ற இடத்தில் பேச்சிமுத்து வேளார் என்றும் அவர் ஊரையும் எழுதினேன். உடையும் பொருளா என்று கவுன்ட்டரில் கேட்டார்கள். உடையும், ஆனால் இதுவரை உடையவில்லை என்றேன்.

இனி அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதைச் சொல்ல வேண்டும். மண்ணின் மகத்துவம், உழைப்பின் மேன்மை என்று மலரில் மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்கு மிஞ்சியது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பள்ளம். தினமும் காலையில் கொஞ்சம் தோண்டுகிறேன். என் மனைவி ஒன்றும் கேட்பதில்லை. குவளைத் துண்டுகள் வருகின்றன. கழுவி, திருப்பி, அடியைப் பார்க்கிறேன். யாரோ அவசரமாக இழுத்தது, யாரோ பயந்து இழுத்தது. எல்லாம் நன்றாகச் சுட்டிருக்கின்றன, சூளையில் வெடித்தது என்று ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்த கோடுகளோடு ஒரு துண்டு இந்தப் பள்ளத்தில்தான் எங்கேயோ இருக்கிறது.

மார்த்தாவிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வந்தால் மதினியின் வாசலில் நின்று வாசிப்பேன், என்னைப் பற்றி எழுதியிருப்பதையும் சேர்த்து, ஒரு சொல்லும் மாற்றாமல்.